எடுத்துவிட்ட இரண்டு வரிகள்

போன ஜூன் 17ஆம் தேதி செங்கோட்டையில் நாங்கள் ஒரு நாடகம் போட்டோம். திருநெல்வேலி கலெக்டராக இருந்த ஆஷ் துரையை 1911இல் வாஞ்சிநாதன் மணியாச்சி ரயில் நிலையத்தில் சுட்டுக் கொன்றதுதான் கதை. மேடையைப் பிரித்து, வாடகை நாற்காலிகளைத் திருப்பிக் கொடுத்து, கணக்கு முடித்து எத்தனையோ மாதமாகிவிட்டது. ஆனால் அன்றைக்குக் கூட்டம் கலைந்தபிறகு ஒரு பெரியவர் என்னிடம் கேட்ட ஒரு கேள்வி மட்டும் இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை. நான் புனலூரில் ஒரு ரப்பர் கடையில் கணக்கெழுதுகிறேன். காலை ரயிலில் ஆரியங்காவு தாண்டி வண்டி குகைக்குள் நுழையும்போது பேச்சுச் சத்தமெல்லாம் ஒரு நிமிஷம் அடங்கும். அந்த ஒரு நிமிஷத்தில் அந்தக் கேள்வி வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறது. யாரிடமாவது முழுக்கச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

வாஞ்சி எங்கள் ஊர்க்காரர். இதைச் சொல்லாமல் செங்கோட்டைக்காரன் எவனும் பேச்சை ஆரம்பிக்க மாட்டான். ஊரில் சிலை இருக்கிறது, மணிமண்டபம் இருக்கிறது, வருஷா வருஷம் ஜூன் மாதம் மாலை விழும். வெளியூரில் பலருக்குத் தெரியாதது, அவர் வாழ்ந்தபோது செங்கோட்டை திருவிதாங்கூர் மகாராஜாவின் சீமையாக இருந்தது என்பதுதான். 1956 நவம்பர் 1ஆம் தேதிதான் நாங்கள் இந்தப் பக்கம் வந்தோம். வாஞ்சி சம்பளம் வாங்கியது புனலூரில், திருவிதாங்கூர் வனத்துறையில். நான் தினமும் போய் வருகிற அதே மலைப்பாதையில்தான் அவரும் போய் வந்திருப்பார். 1904இல் மலையைக் குடைந்து போட்ட பாதை அது. கழுதுருட்டிப் பக்கம் பதின்மூன்று கண்ணறைப் பாலத்தில் வண்டி ஏறும்போதெல்லாம் எனக்கு அந்த நினைப்பு வரும். வேலைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் புதுச்சேரிக்குத் துப்பாக்கி பழகப் போன ஒரு இருபத்தைந்து வயதுக்காரன், இந்த ஜன்னலோரத்தில் எதைப் பார்த்துக்கொண்டு போயிருப்பான்?

இப்படி நினைத்து நினைத்துத்தான் நாடகத்தை எழுதினேன். எங்கள் குழுவில் மொத்தம் பன்னிரண்டு பேர். இரண்டு மாதம், வேலை முடிந்து வந்து, மூடிக்கிடந்த ஒரு அரிசி ஆலையின் கிட்டங்கியில் ஒத்திகை பார்த்தோம். வாஞ்சியாக நடித்தவன் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். ஆஷாக நடித்தவர் என்னோடு வேலை பார்க்கும் மலையாளி. ஆரியங்காவுக்காரர், நல்ல உயரம், தமிழைக் கொஞ்சம் மலையாள இழுப்போடு பேசுவார். துரை பேசும் தமிழுக்கு அது பொருத்தமாக இருக்கும் என்று எனக்குப் பட்டது. முதல் நாள் பிரதியைப் பார்த்துவிட்டு, "வஞ்சின்னா எங்க ஊர்ல தோணி. கோயில்ல காசு போடுற பெட்டியும் வஞ்சிதான். இந்தாள் பேர் எதுலேருந்து வந்தது?" என்று கேட்டார். நான் வாஞ்சியநாதர் கோயில் பெயரைச் சொல்லி விளக்கினேன். அவர் தலையாட்டிவிட்டு, ஒரு மாதத்தில் தன் வசனத்தை மட்டுமில்லை, வாஞ்சியின் வசனத்தையும் சேர்த்து மனப்பாடம் செய்துவிட்டார்.

பிரானூரில் பேசியது

நாடகம் முடிந்து இரவு பத்தரைக்கு பிரானூர் பார்டரில் புரோட்டாக் கடையில் உட்கார்ந்தோம். சாரல் விட்டுவிட்டு அடித்துக்கொண்டிருந்தது. குற்றாலக் கூட்டம் வேறு. மூன்று மேஜையை ஒன்றாக இழுத்துப் போட்டு இருபது பேர் இருந்தோம். நாடகம் பார்த்தவர்களும் பின்னாலேயே வந்துவிட்டார்கள். கல்லில் புரோட்டாவை அடிக்கிற சத்தத்துக்கு மேலே எல்லோரும் சத்தமாகப் பேசினார்கள்.

கல்லூரிப் பையன்களுக்குத் துப்பாக்கிச் சத்தம்தான் பிடித்திருந்தது. அந்த இடத்தில் அரங்கில் விசில் பறந்தது உண்மை. ஒரு பையன், "கடைசியில வ.உ.சி. பேரைச் சொல்லிச் சுட்டாரே, அங்க எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துருச்சு" என்றான். அந்த வசனத்தை எழுதியது நான். எனக்கு அந்த நிமிஷம் சந்தோஷமாகவும் இருந்தது, உறுத்தவும் செய்தது. ஏனென்றால் வாஞ்சி அப்படி எதையும் சொன்னதாக எங்கேயும் இல்லை. 1908இல் கோரல் மில் வேலைநிறுத்தம், வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் மார்ச் 12ஆம் தேதி கைதானது, மறுநாள் திருநெல்வேலியில் கலவரம், துப்பாக்கிச் சூட்டில் நாலு பேர் செத்தது, எல்லாம் நடந்தது. ஆஷ் அப்போது தூத்துக்குடியில் அதிகாரி. சுதேசிக் கப்பல் கம்பெனியை நசுக்கியவர்களில் அவர் முக்கியமானவர் என்று மக்கள் நம்பினார்கள். ஆனால் வாஞ்சி எழுதி வைத்த கடிதத்தில் கப்பல் இல்லை, தூத்துக்குடி இல்லை, வ.உ.சி. இல்லை. ஆஷின் பெயர்கூட இல்லை. நாம் பிறகு சேர்த்து வைத்த காரணத்தையே, அவர் வாயில் போட்டுப் பேச வைத்துவிட்டேன்.

என் பெரியம்மா சொன்னது வேறு. "ஏன்டா, அந்தத் துரைசானி பக்கத்துலயே உக்காந்திருந்தாளாமே. நீங்க அவளைக் காட்டவே இல்லையே?" ஆஷும் அவர் மனைவி மேரியும் கொடைக்கானலில் இருந்த பிள்ளைகளைப் பார்க்கக் கிளம்பியவர்கள். மணியாச்சியில் முதல் வகுப்புப் பெட்டியில், தூத்துக்குடியிலிருந்து வரவேண்டிய போட் மெயிலுக்காகக் காத்திருந்தார்கள். எங்கள் குழுவில் அந்த வேஷத்துக்குப் பெண் கிடைக்கவில்லை, அதனால் விட்டுவிட்டோம். பெரியம்மா அந்தப் பதிலை ஏற்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு சால்னாவைப் புரோட்டாவில் ஊற்றிக்கொண்டார்.

ஒரு பத்தாம் வகுப்புப் பெண், எங்கள் குழுவில் ஒருவரின் மகள், தயங்கித் தயங்கி ஒன்று கேட்டாள். "மாமா, பாடப்புத்தகத்துல அவரு கக்கூஸுக்குள்ள ஓடித் தன்னையே சுட்டுக்கிட்டாருன்னு எங்க மிஸ் சொன்னாங்க. நீங்க பிளாட்பாரத்துல மரத்தடியில விழுற மாதிரி வெச்சிருக்கீங்க." அவள் சொன்னதுதான் சரி. சுட்டுவிட்டு ஓடியவர், ரயில் நிலையக் கழிப்பறைக்குள் போய் வாய்க்குள் சுட்டுக்கொண்டார். சட்டைப் பையில் கடிதம் இருந்தது. மேடையில் கழிப்பறையைக் காட்டினால் சிரிப்பார்கள் என்று மரத்தை வைத்தோம். அவளிடம் "மேடை வசதிக்காக" என்றேன்.

அப்புறம் ஒரு இளைஞன், தென்காசியில் செல்போன் கடை வைத்திருப்பவன், போனை நீட்டினான். உண்மையான கதை இதுதான், நீங்கள் மறைத்துவிட்டீர்கள் என்று கோபமாகவே சொன்னான். பிரசவ வலியில் துடித்த ஒரு ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்ணை ஆஷ் தன் வண்டியில் அக்ரகாரத் தெரு வழியே அழைத்துப் போனார், அந்த ஆத்திரத்தில்தான் வாஞ்சி சுட்டார் என்று அதில் இருந்தது. இந்தக் கதை நம் எல்லோருடைய போனுக்கும் ஒரு தடவையாவது வந்திருக்கும். இதற்கு அந்தக் காலத்துப் பதிவு ஒன்றையும் இதுவரை யாரும் காட்டியதில்லை. வாஞ்சியின் கடிதத்திலும் இப்படி ஒரு சம்பவம் இல்லை. அதை நான் அவனிடம் சொன்னேன். "அப்ப கடிதத்துல சாதியே இல்லையா? நீங்க முழுசாப் படிச்சீங்களா?" என்று கேட்டான். நான் புரோட்டாவைப் பிய்த்தபடி பேச்சை மாற்றினேன். ஏனென்றால் அதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால்தான் அந்தப் பெரியவர் என்னிடம் அதே இடத்தில் கை வைத்துவிட்டுப் போயிருந்தார்.

கடிதம்

கடிதத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கத்துக்கும் குறைவான தமிழ்க் கடிதம். ஆங்கிலேயச் சத்துருக்கள் நம் தேசத்தைப் பிடுங்கிக்கொண்டு சனாதன தர்மத்தைக் காலால் மிதிக்கிறார்கள் என்று தொடங்குகிறது. ராமனும் சிவாஜியும் கிருஷ்ணனும் குரு கோவிந்தரும் அர்ஜுனனும் இருந்த தேசத்தில், "கேவலம் கோமாமிசம் தின்னக்கூடிய ஒரு மிலேச்சனாகிய ஜார்ஜ் பஞ்சமனை" முடிசூட்டப் பார்க்கிறார்கள் என்று போகிறது. அவன் இங்கே கால் வைத்தவுடன் கொல்ல 3000 மதராசிகள் சபதம் எடுத்திருக்கிறோம், அதைத் தெரிவிப்பதற்காக "அவர்களில் கடையேனாகிய நான்" இன்று இதைச் செய்தேன் என்கிறது. கீழே ஆர். வாஞ்சி ஐயர், செங்கோட்டை என்று கையெழுத்து. சுட்டது 1911 ஜூன் 17. லண்டனில் ஐந்தாம் ஜார்ஜுக்கு முடிசூட்டு விழா ஜூன் 22. இடையில் ஐந்தே நாள்.

எங்கள் நாடகத்தில் வாஞ்சி இந்தக் கடிதத்தை முந்தின நாள் இரவு விளக்கடியில் உட்கார்ந்து எழுதி, எழுத எழுத வாசிப்பார். ஒத்திகையில் முதல் தடவை அதை முழுசாகத்தான் வாசித்தோம். வாசித்து முடித்ததும் கிட்டங்கியில் யாரும் பேசவில்லை. ஆஷ் வேஷக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். "அப்போ இந்த லெட்டர்ல என்னையும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கு, அல்லே?" அவர் மத்தியானம் புரோட்டாவும் பீஃபும் சாப்பிடுகிறவர். புனலூரில் பாதிக் கடையில் அதுதான் சாப்பாடு. அவர் சிரித்துக்கொண்டுதான் கேட்டார், ஆனால் பதில் வேண்டும் என்பதுபோல என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொருவர், பஞ்சமன் என்பது தீண்டாமைக்கு ஆளான சாதியாரைக் குறித்த பழைய சொல்லும் ஆயிற்றே, அது வந்தால் ஊருக்குள் வம்பு வரும் என்றார். நாடகத்துக்குக் குளத்துப்புழையிலிருந்து வேன் பிடித்து ஆட்கள் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அங்கே ஆர்.பி.எல். ரப்பர் தோட்டத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் இலங்கையிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள். அவர்கள் மனசு புண்படக்கூடாது என்று எல்லோரும் சொன்னார்கள். பேனாவை எடுத்து அந்த இரண்டு வரியை அடித்தது நான்தான். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. "ஓர் அந்நிய அரசனை" என்று எழுதி, "சனாதன தர்மம்" இருந்த இடத்தில் "நம் மானம்" என்று போட்டேன். வாசித்துப் பார்த்தோம். ஓசை நன்றாக இருந்தது. அந்தக் காட்சிக்குத்தான் அன்றைக்கு அதிகக் கைதட்டல்.

அந்தக் கேள்வி

கூட்டம் கலைகிற நேரம். மேடைக்குப் பின்னால் நான் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தேன். எழுபது வயதுக்கு மேல் இருக்கும், வெள்ளைச் சட்டை, மடித்துக் கட்டிய வேட்டி, கையில் குடை. வேனில் வந்தவர் என்று பார்த்ததும் தெரிந்தது. வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சற்று வளைந்து அப்படியே நின்றுவிட்டிருந்தன. ரப்பர் பால்வெட்டுக் கத்தி பிடித்த கை அப்படித்தான் ஆகும். எங்கள் கடைக்கு ஷீட் கொண்டுவருகிறவர்களில் பாதிப் பேருக்கு அந்தக் கை.

"தம்பி, நாடகம் நல்லா இருந்துச்சு. ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்கய்யா."

"லெட்டர் அவ்வளவுதானா?"

சுருக்கியிருக்கிறோம் என்றேன். அவர் தலையாட்டினார். "பேரன் போன்ல காட்டினான். அதுல பஞ்சமன்னு ஒரு வார்த்தை இருந்துச்சே. அதுக்குத்தான் முக்கியமா வந்தேன். மேடையில அதை எப்பிடிச் சொல்றீங்கன்னு பாக்கணும்னு."

எனக்கு இந்தக் கேள்விக்குப் பதில் தெரியும். நன்றாகவே தெரியும். ஒயரைக் கீழே வைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தேன். பஞ்சமன் என்றால் ஐந்தாமவன், ஐந்தாம் ஜார்ஜைத்தான் அப்படி எழுதியிருக்கிறார், இந்தியில் இன்றைக்கும் ஜார்ஜ் பஞ்சம் என்றுதான் சொல்வார்கள், அந்தக் காலத்தில் வடமொழி கலந்து எழுதுவது வழக்கம், இதை இப்போது சாதியாகப் படிப்பது சரியில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். ஐந்து நிமிஷம் பேசியிருப்பேன். அவர் குடையைத் தரையில் ஊன்றிக்கொண்டு கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். வெளியே வேன்காரர் ஹாரன் அடித்தார்.

"அஞ்சாவதுன்னு மட்டும்தான் அர்த்தம்னா, அதை எதுக்குத் தம்பி எடுத்தீங்க?"

இவ்வளவுதான் கேட்டார். குரலில் கோபம் இல்லை. நான் என்னவோ சொல்ல வாயெடுத்தேன், ஹாரன் மறுபடி அடித்தது, "வரேன் தம்பி" என்று சொல்லிவிட்டு நனைந்த தரையில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்துப் போய்விட்டார்.

நான் அவருக்குச் சொன்ன விளக்கம் பொய்யில்லை. இன்றைக்கும் அந்தச் சொல்லின் முதல் அர்த்தம் ஐந்தாமவன் என்றுதான் நம்புகிறேன். ஆனால் அந்த அர்த்தம் மட்டும்தான் என் காதில் விழுந்திருந்தால் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். 1911இல் பஞ்சமர் என்பது சர்க்கார் காகிதங்களிலேயே புழங்கிய சொல். யாரைக் குறித்தது என்று படித்தவன் படிக்காதவன் எல்லோருக்கும் தெரியும். ஒரு அரசனை இழிவுபடுத்த நினைத்து, கோமாமிசம் என்று எழுதி, மிலேச்சன் என்று எழுதி, அதே வரியில் பஞ்சமன் என்று எழுதுகிற ஒருவருக்கு இரண்டாவது அர்த்தம் கேட்காமல் இருந்திருக்குமா? அக்ரகாரத்தில் வளர்ந்த ஒரு செங்கோட்டைக்காரருக்கு? இருந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். இரண்டும் சேர்ந்து ஒலிக்கும் என்று தெரிந்துதான் எழுதியிருப்பார். இது என் கணிப்பு. வேறு மாதிரி நினைப்பவர்களோடு நான் சண்டைக்கு நிற்கவில்லை. ஆனால் எனக்குள்ளேயே இப்படி ஒரு எண்ணத்தை வைத்துக்கொண்டு, அந்தப் பெரியவரிடம் மட்டும் வெறும் ஐந்து என்று பாடம் நடத்தினேன். அதை அவர் ஒரு வரியில் கண்டுபிடித்துவிட்டார்.

பிறகு யோசிக்கும்போது இன்னொன்றும் புரிந்தது. அந்த இளைஞனின் போனில் இருந்த பிரசவக் கதை ஏன் இவ்வளவு வேகமாகப் பரவுகிறது? நாம்தான் அதற்கு இடம் விட்டு வைத்திருக்கிறோம். வாஞ்சியைப் பற்றி மேடை போடுகிற எல்லோரும் என்னைப்போலவே கடிதத்தைக் கழுவித் துடைத்துத்தான் காட்டுகிறோம். பார்க்கிறவனுக்கு ஏதோ மறைக்கிறார்கள் என்று தெரிந்துவிடுகிறது. உள்ளதைக் காட்டாவிட்டால் இல்லாததை நம்புவான். கடிதத்தில் இருப்பதே போதுமான அளவு கஷ்டமானது. அதைக் கையில் கொடுத்திருந்தால், ஆஷை ஏழைப்பங்காளராக்க ஒரு கதை கட்டவேண்டிய தேவையே வந்திருக்காது. ஆஷ் அயர்லாந்துக்காரர். சொந்த ஊரே இங்கிலாந்தின் ஆட்சியில் இருந்தபோது இங்கே வந்து அதே ஆட்சிக்கு வேலை பார்த்தவர். சாகும்போது வயது 38. பாளையங்கோட்டையில் புதைத்தார்கள். அவரை நல்லவராக்கவும் வேண்டாம், எங்கள் நாடகத்தில் செய்த மாதிரி மீசையை முறுக்கிச் சிரிக்க வைக்கவும் வேண்டாம்.

வாஞ்சி மேல் எனக்குள்ள மரியாதை இதனால் குறைந்ததா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். குறையவில்லை. உயிரைக் கொடுத்தவர். அவருக்குப் பின்னால் கைதுக்கு அஞ்சி இரண்டு பேர் தங்களையே முடித்துக்கொண்டார்கள். பதினாலு பேர் மேல் வழக்கு நடந்தது. அதில் முதல் எதிரியான நீலகண்ட பிரம்மச்சாரிக்கு ஏழு வருஷம் தண்டனை. மூன்று நீதிபதிகளில் பாலக்காட்டுப் பக்கத்து மலையாளியான சங்கரன் நாயர் மட்டும் மாறுபட்டுத் தீர்ப்பெழுதினார். அதில் பாரதியின் பாட்டையே எடுத்துக் காட்டியிருக்கிறார். வ.உ.சி. அப்போது கண்ணூர் சிறையில் இருந்தார். இதையெல்லாம் ஆஷ் வேஷக்காரரிடம் சொன்னபோது, "இதையெல்லாம் ஏன் நாடகத்துல வெக்கலை? பாதிக் கதை எங்க பக்கம்தானே நடந்திருக்கு?" என்றார். அது நியாயமான கேள்வி. அடுத்த தடவை சங்கரன் நாயருக்கு ஒரு காட்சி எழுதியிருக்கிறேன். அதில் நாயராக இந்த ஆஷ் வேஷக்காரரே நடிக்கிறார்.

குளத்துப்புழை

மழை ஓய்ந்து, ஓணம் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை குளத்துப்புழைக்குப் போனேன். பேர் தெரியாமல் விசாரித்தே வீட்டைக் கண்டுபிடித்தேன். குடையோடு நாடகம் பார்க்க வந்த பெரியவர் என்றதும் ஒரு சின்னப் பையன் கையைப் பிடித்து அழைத்துப் போனான். தோட்டத்துக்குள் வரிசையாகக் கட்டின வீடுகள். லயம் என்றுதான் அவர்கள் இன்னும் சொல்கிறார்கள். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் திருப்பி அனுப்பப்பட்ட குடும்பம், 1970களில் வந்து மண்டபம் முகாமில் இருந்து, பிறகு இங்கே பால் வெட்ட வந்தவர்கள். மரங்களில் சிரட்டைகள் கவிழ்த்துக் கிடந்தன.

கடிதத்தை முழுசாக ஒரு தாளில், பெரிய எழுத்தில் அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் வசனம் யோசித்து வைத்திருந்தேன். அவர் அதற்கு இடம் கொடுக்கவில்லை. கண்ணாடியைத் தேடி எடுத்து, வாசல் திண்ணையில் வெளிச்சம் பார்த்து உட்கார்ந்து, அந்த வளைந்த ஆள்காட்டி விரலை ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே வைத்து வைத்து வாசித்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. கோமாமிசம் என்ற சொல்லில் விரல் நிற்கவில்லை. பஞ்சமனில் நின்றது. நகத்தால் அந்த இடத்தை லேசாகக் கீறினார், பட்டையில் வெட்டுக்கோடு பார்க்கிற மாதிரி. பிறகு கடைசிவரை போய், மறுபடி மேலேயிருந்து வந்தார்.

"எங்க தாத்தா தூத்துக்குடிக்கு ரயில்ல போய்த்தான் கப்பல் ஏறினாரு" என்றார். "அப்ப ராமேஸ்வரம் வழி இல்லை. தூத்துக்குடிதான்."

அது எனக்கு உறைத்தது. 1914 வரைக்கும் கொழும்புப் பயணம் அந்த வழிதான். ஆஷ் காத்திருந்த போட் மெயில் கொழும்புக் கப்பலுக்கான வண்டி. சென்னையிலிருந்து வந்தாலும் சென்னைக்குப் போனாலும் அது மணியாச்சியில் நிற்கும். நான் மணியாச்சி நடைமேடையை இரண்டு மாதம் மனசுக்குள் கட்டியிருக்கிறேன். முதல் வகுப்புப் பெட்டி, துரை, துரைசானி, வாஞ்சி, காவலர், போர்ட்டர். இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் பிடித்துப் போகும் கங்காணிக்குப் பின்னால், மூட்டையோடு குத்தவைத்து உட்கார்ந்திருந்த கூட்டம் ஒன்று அந்த நடைமேடையில் அடிக்கடி இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அந்தக் கூட்டத்துக்கு அன்றைய சர்க்கார் வைத்த பெயர் என்ன என்று சொல்லவேண்டியதில்லை.

அவர் தாளை மடிக்காமல் மடியில் வைத்துக்கொண்டார். "தன்னைக் கடையேன்னு சொல்லிக்கிறாரு" என்றார் மெதுவாக. கொஞ்ச நேரம் கழித்து, "மூவாயிரம் பேருன்னு போட்டிருக்காரே தம்பி. அதுல எங்காளு ஒருத்தனாவது இருந்திருப்பானா?"

குற்றம் சாட்டப்பட்ட பதினாலு பேரின் பெயர்களும் எனக்கு மனப்பாடம். பெரும்பாலும் ஐயர் என்றோ பிள்ளை என்றோ முடியும் பெயர்கள். மூவாயிரம் என்பதே வெள்ளைக்காரனை மிரட்டப் போட்ட எண்ணாகத்தான் இருக்க வேண்டும். இந்தத் தடவை விளக்கம் சொல்லப் போகவில்லை.

"பிடிபட்டவங்கள்ல இல்லைங்கய்யா."

"ம்" என்றார். உள்ளே பார்த்து டீ போடச் சொன்னார். டீ வரும்வரை இரண்டு பேரும் ரப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு ஷீட் விலை இப்போது என்ன என்று கேட்டார், சொன்னேன். கிளம்பும்போது தாளைத் திருப்பிக் கொடுக்க வந்தார். வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். வாங்கி, சாமி படத்துக்குப் பின்னால் ரேஷன் கார்டு, பழைய பாஸ்போர்ட் வைத்திருக்கும் பையில் வைத்தார். "அடுத்த தடவை போடும்போது சொல்லுங்க. வேன் பிடிச்சு வரோம்" என்றார்.

அடுத்த தடவை வருகிற ஜூன் 17. பிரதியைத் திருத்திவிட்டேன். வ.உ.சி. பெயரைச் சொல்லிச் சுடும் வசனம் போய்விட்டது. மரம் போய்விட்டது, ஒரு கதவு மட்டும் வைக்கிறோம், வாஞ்சி உள்ளே போவார், கதவு மூடும், சத்தம் கேட்கும். பெரியம்மா சொன்னதற்காக மேரி ஆஷ் வேஷத்துக்கு ஒரு டீச்சரைச் சம்மதிக்க வைத்திருக்கிறோம். மணியாச்சிக் காட்சியில் நடைமேடை ஓரமாக மூட்டையோடு ஐந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள், அவர்களுக்கு வசனம் கிடையாது. குழுவில் இரண்டு பேர் இந்த மாற்றங்கள் பிடிக்காமல் விலகிவிட்டார்கள். வாஞ்சியைக் கொச்சைப்படுத்துகிறேன் என்று அவர்களுக்கு வருத்தம். தெருவில் பார்த்தால் பேசிக்கொள்கிறோம், முன்போல இல்லை. அது எனக்கு வலிக்கத்தான் செய்கிறது.

போன வாரம் கிட்டங்கியில் கடிதக் காட்சி ஒத்திகை. லோடு ஆட்டோக்காரத் தம்பி விளக்கடியில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டே வந்தவன், அந்த இடத்துக்கு வந்ததும் நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"அண்ணே, இந்த வார்த்தையில குரலை எப்பிடி வெக்கணும்? கொஞ்சம் அமுக்கிச் சொல்லிரட்டுமா?"

"அமுக்க வேண்டாம். அழுத்தவும் வேண்டாம். அவர் எழுதின மாதிரியே படி."

அவன் கொஞ்சம் தண்ணீர் குடித்தான். தாளை நேராக்கி, முதல் வரியிலிருந்து திரும்ப ஆரம்பித்தான்.